ஏழு சகோதரிகள், எட்டு மேடுகள்: கோடைக் கடலோர நடை பற்றிய கேள்வி–பதில்

கேள்வி: கடலோரம் நடக்க ஒரு சங்கம் எதற்கு? கால் இருந்தால் போதாதா?

பதில்: கால் போதும். ஆனால் அந்தக் கால் எங்கே படலாம் என்பதே இங்கிலாந்தில் நெடுங்காலம் வழக்காக இருந்தது. மலையும் மேய்ச்சல் வெளியும் பெருநிலக்காரர்களின் கையில் இருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நடைக் குழுக்களின் தேசிய அமைப்பான ராம்பிளர்ஸ் 1935-இல் பிறந்தது. இப்படிப் பலர் விடாமல் கேட்டதன் விளைவாகவே 1949-இல் தேசியப் பூங்காச் சட்டமும், 2000-இல் திறந்தவெளியில் நடக்கும் உரிமையும், 2009-இல் கடலோரம் முழுவதற்குமான பாதைச் சட்டமும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகுப்பையும் ரொட்டியுமாகக் கிளம்பும் குழு, முன்னோர் வாதாடி வாங்கிய உரிமையைத்தான் காலால் பயன்படுத்துகிறது.

கேள்வி: குழுவில் எல்லோரும் ஒரே வேகத்தில் நடப்பார்களா?

பதில்: மாட்டார்கள். அதனால்தான் முன்னால் ஒரு வழித்தலைவர், கடைசியில் ஒரு காவலர் என்று இருவர் இருக்கிறார்கள். கடைசிக் காவலருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் வேலை, ஆனால் மிகப் பெரிய வேலை. பாதையில் வரும் ஒவ்வொரு வேலிக் கதவிலும் முன்னால் போனவர்கள் நின்று பின்னால் வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மூச்சு வாங்க வந்து சேர்ந்தவருக்கும் இளைப்பாறக் கொஞ்ச நேரம் கொடுத்த பிறகே புறப்பட வேண்டும். கடைசி ஆள் வந்த உடனே கிளம்பிவிடும் குழுவில், ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகிறது.

கேள்வி: முதல்முறை போகிறவருக்கு எந்தக் கரை நல்லது?

பதில்: சஸ்ஸெக்ஸில் சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை உள்ள கரை. சுமார் 22 கிலோமீட்டர். இரு முனையிலும் ரயில் நிலையம் உண்டு. நடுவழியில் களைத்தவர்கள் எக்ஸீட்டில் 12-ஆம் எண் பேருந்து பிடிக்கலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம். இந்தக் கரையின் ஏற்றங்களையும் சேர்த்து அப்படிப் பார்த்தால் ஐந்தரை மணி நேரத்தில் முடியும். சாப்பாடும் வேடிக்கையும் பேச்சும் சேர்ந்தால் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. ஜூனில் சூரியன் இரவு ஒன்பதுக்கு மேல்தான் மறைகிறது. அவசரப்படக் காரணமே இல்லை.

கேள்வி: வரைபடத்தில் கக்மியர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பாலமே காணோமே. நீந்துவதா?

பதில்: வேண்டாம். பாலம் உள்ளே தள்ளி, எக்ஸீட்டில் இருக்கிறது. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் பாலம் வரை போய் வளைந்து வரத்தான் வேண்டும். ஆறு சோம்பலாக வளைந்து வளைந்து கிடக்கும் புல்வெளிப் பள்ளத்தாக்கு அது. சுற்று வழி என்று அலுத்துக்கொள்ள அங்கே இடமில்லை. இந்த நடையின் மிக அழகான பகுதிகளில் அதுவும் ஒன்று.

கேள்வி: வழியிலுள்ள வெண்பாறை வரிசைக்குச் செவன் சிஸ்டர்ஸ், அதாவது ஏழு சகோதரிகள் என்று பெயர். ஏறியவர்களோ எட்டு மேடு என்கிறார்கள். களைப்பில் கணக்கு தப்பியதா?

பதில்: கணக்கு சரி. ஹேவன் பிரவ், ஷார்ட் பிரவ், ரஃப் பிரவ், பிராஸ் பாயின்ட், ஃபிளாக்ஸ்டாஃப் பாயின்ட், ஃபிளாட் ஹில், பெய்லிஸ் ஹில், வென்ட் ஹில் என்று எண்ணினால் எட்டு வரும். இவற்றில் முதல் மேடான ஹேவன் பிரவ்தான் உயரம், 77 மீட்டர். பெரியதை முதலில் ஏறிவிடுவது ஒரு ஆறுதல். இந்த வெண்பாறை கரும்பலகைச் சுண்ணாம்பைப் போல மென்மையானது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. பனியுகத்தில் நிலம் உறைந்திருந்தபோது உருகிய பனிநீர் உள்ளே இறங்க முடியாமல் மேலே ஓடிப் பள்ளங்களை அறுத்தது. பின்னர் கடல் குறுக்கே வெட்டியதால் அந்த ஏற்ற இறக்கம் அலை வடிவில் தெரிகிறது. நீரில்லாத அந்தப் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறுவதே முழங்காலுக்கு வேலை.

கேள்வி: சென்னை வெயிலில் வளர்ந்தவரை இங்கிலாந்து வெயில் என்ன செய்துவிடும்?

பதில்: சுட்டுவிடும். வழியில் மர நிழல் ஏறக்குறைய இல்லை. கடற்காற்று குளிர்ச்சியாக வீசுவதால் தோல் கருகுவது மாலையில்தான் தெரியும். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். அந்தத் திறந்த வெளிதான் வேறு செல்வங்களையும் தருகிறது: ஆடுகள் மேய்ந்து குட்டையாக்கிய புல், அதில் ஜூலை, ஆகஸ்டில் பறக்கும் நீல வண்ணத்துப்பூச்சிகள், தலைக்கு மேல் வானம்பாடி.

கேள்வி: பாறை விளிம்பில் நின்று ஒரே ஒரு படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. விளிம்பு பல இடங்களில் அடியில் ஒன்றுமில்லாமல் துருத்திக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. முன்னறிவிப்பின்றி டன் கணக்கில் சரியும். பல மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். பாறைக்குக் கீழே கடற்கரையிலும் ஒட்டி உட்காரக் கூடாது. நல்ல படம் வேண்டுமென்றால் சீஃபோர்டு ஹெட் பக்கத்திலிருந்து, கடலோரக் காவலர் குடில்கள் முன்னே தெரிய, முழு வரிசையையும் எடுக்கலாம்.

கேள்வி: கலங்கரை விளக்கமே நகர்ந்தது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. பர்லிங் கேப் என்ற இடம் தாண்டி வரும் பெல் டூட் விளக்கு 1834-இல் எரியத் தொடங்கியது. பாறை உச்சியில் இருந்ததால் மூடுபனி அதை மறைத்தது. 1902-இல் பீச்சி ஹெட் பாறைமுனையின் அடியில், கடலுக்குள்ளேயே 43 மீட்டர் உயரமுள்ள புதுக் கலங்கரை விளக்கம் எழுந்தது. பழைய கட்டடத்தை நோக்கிக் கரை தேய்ந்துகொண்டே வர, 1999-இல் அதை அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். பாதைக்கும் இதே ஏற்பாடுதான்: கரை இடிந்தால் பாதையும் உள்நோக்கி நகரச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பீச்சி ஹெட் 162 மீட்டர். அதன் பிறகு ஈஸ்ட்போர்ன் வரை இறக்கம். கடைசிக் காவலர் ஊருக்குள் வந்து தலைகளை எண்ணிச் சரி என்று சொன்ன பிறகே குழு கலைகிறது.