தோல்விக்குச் சம்பள உயர்வு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர் தொடர்ந்து மூன்று லாட் ரிஜெக்ட் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் லாட்டுக்குத் திட்டு. இரண்டாவதற்கு மெமோ. மூன்றாவதற்கு கேட்டுக்கு வெளியே. இங்கிருந்து பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். அங்கே சினிமாப் படப்பிடிப்புத் தளம் இருக்கிறது. அந்தத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரே ஒருவர் மட்டும் மூன்று லாட் ரிஜெக்ட் கொடுத்துவிட்டுச் சம்பளத்தை ஏற்றிக் கேட்கலாம். கொடுப்பார்கள். அவருக்குக் கதாநாயகன் என்று பெயர்.

படம் ஊத்திக்கொள்கிறது. அடுத்த மாதம் அதே முகத்தோடு அடுத்த படத்தின் பூஜை. அதுவும் ஊத்திக்கொள்கிறது. அதற்குள் அதற்கடுத்த படத்தின் டீசர் வந்துவிடுகிறது. மறுபடி மறுபடி இவரை வைத்து யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள்? ஆவடி டீக்கடையில் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். அப்பா பெரிய ஆள். ரசிகர் கூட்டம் பெரிது. கறுப்புப் பணம். பதில் இவ்வளவு சுவாரசியமானதல்ல. அவரை நமக்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் கதையைத் தூக்கிக்கொண்டு ஃபைனான்சியரிடம் போகிறார். அங்கே கதையை யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வி, "ஹீரோ யாரு?" பெயரைச் சொன்னால் வட்டிக்குப் பணம் புறப்படும். அந்தப் பெயரை வைத்துத்தான் ஓடிடி விலை பேசும். சாட்டிலைட் விலை பேசும். ஆடியோ, இந்தி டப்பிங், ஓவர்சீஸ் என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே விற்கலாம். எல்லாம் நினைத்த விலைக்குப் போனால் டேபிள் பிராஃபிட். மேஜையிலேயே லாபம். படத்தை இன்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எடுத்தே முடித்திருக்க மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது தியேட்டர். அங்கே ஓப்பனிங் வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் சீட் நிரம்பினால் போதும். ஆக, கதாநாயகனின் உத்தியோகம் நடிப்பதல்ல. வெள்ளிக்கிழமைக் காலை ஒன்பது மணிக்கு நம்மைக் கதவு வரை கூட்டி வருவது. வந்துவிட்டோம். அவர் வேலை முடிந்தது. உள்ளே போய் நாம் பட்டது அவர் கணக்கில் ஏறாது.

திங்கட்கிழமை மாலைக் காட்சிக்கு எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். கட்-அவுட்டுக்கு வெள்ளிக்கிழமை ஊற்றிய பால் தரையில் காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடக்கும். கவுன்ட்டர்காரர் ஏ.சி.யைப் போடுவதா வேண்டாமா என்று ஆள் எண்ணிக்கொண்டிருப்பார். அன்று காலைப் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் வந்திருக்கும்: மாபெரும் வெற்றி. அன்று இரவு நட்சத்திர ஓட்டலில் கேக் வெட்டியிருப்பார்கள்.

தோல்விக்குப் பொறுப்பேற்க இந்தத் தொழிலில் ஆள் பஞ்சமே கிடையாது. கதாநாயகன் மட்டும் அந்தப் பட்டியலில் வரமாட்டார். படம் விழுந்தால் இயக்குநர் சொதப்பிவிட்டார். அவர் அடுத்த படத்துக்கு வருடக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். கதாநாயகிக்கு இரண்டு படம் ஓடாவிட்டால் ராசியில்லாதவர் என்று முத்திரை விழும். நாலு பாட்டு, மூன்று சீன் கொடுத்து, அந்த மூன்று சீனால்தான் 100 கோடி மூழ்கியது என்பார்கள். ராசியில்லாத கதாநாயகன் என்று எவரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர் 'கம்பேக்' கொடுப்பவர். எங்கும் போகாமலே திரும்பி வருபவர்.

நஷ்டம் யாருக்கு? 2014 டிசம்பரில் ரஜினிகாந்தின் 'லிங்கா' வந்தது. அடுத்த மாதமே விநியோகஸ்தர்கள் வள்ளுவர் கோட்டத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பிச்சை எடுக்கும் போராட்டம் நடத்தப்போவதாகவும் அறிவித்தார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு 'பாபா' ஓடாதபோது ரஜினிகாந்தே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கும் அதைக் கதை கதையாகச் சொல்கிறோம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது புராணமாகிவிட்ட ஊர் இது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தயாரிப்பாளர்கள் அழுகிறார்கள். 2024இல் வெளியான 241 படங்களில் தேறியவை வெறும் 18, மூழ்கியது சுமார் 1,000 கோடி என்று கணக்குச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூலை இறுதியில் தயாரிப்பாளர் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. நடிகர் சம்பளம் கட்டுக்கடங்காமல் போய்விட்டது. ஒழுங்குபடுத்தும் வரை நவம்பர் 1 முதல் படப்பிடிப்பு கிடையாது. கேட்கவே வீரமாக இருந்தது. நவம்பர் 1 வந்தது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

இவர்களுக்கு வேலைநிறுத்தம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2018இல் டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்து ஒன்றரை மாதம் புதுப்படமே விடாமல் உட்கார்ந்தவர்கள்தான். புரொஜெக்டர்காரனிடம் காட்டிய ரோஷத்தை ஹீரோவின் கேரவன் வாசலில் காட்ட முடியவில்லை. சங்கத்தில் கை தூக்கியவர் சாயங்காலம் அட்வான்ஸ் செக்கோடு அதே கேரவனுக்கு வெளியே காத்திருந்தால் எந்தத் தீர்மானம் நிற்கும்?

2024இன் அந்த நவம்பரில்தான் 'கங்குவா' வந்தது. 2,000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளரே முன்கூட்டிச் சொன்ன படம். மக்கள் பார்த்தார்கள். காது வலிக்கிறது என்றார்கள். உடனே சங்கத்துக்கு ஞானம் பிறந்தது. குற்றவாளி பிடிபட்டான். தியேட்டர் வாசலில் மைக்கைப் பார்த்து, "படம் நல்லா இல்லைங்க" என்றவன்தான் அவன். 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றையும் சுட்டிக்காட்டி, யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று அறிக்கை வந்தது. டிசம்பரில் இன்னொரு தயாரிப்பாளர் சங்கம் உயர் நீதிமன்றத்துக்கே போனது. வெளியான முதல் மூன்று நாளைக்கு விமர்சனம் கூடாதாம். கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறது என நீதிமன்றம் நினைவூட்டித் தடை தர மறுத்தது.

அந்த மூன்று நாள் எந்த மூன்று நாள் என்று கவனித்தீர்களா? வெள்ளி, சனி, ஞாயிறு. சரக்கு கெட்டுப்போனது அவர்களுக்கும் தெரியும். விற்றுத் தீரும் வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை.

செம்பரம்பாக்கத்தை மறுபடி சொல்லியாக வேண்டும். 2020 பிப்ரவரி 19 இரவு 'இந்தியன் 2' படப்பிடிப்பில் அங்கே கிரேன் சரிந்தது. வேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் செத்தார்கள். படம் 2024 ஜூலை 12 அன்று வந்தது. சில நாளிலேயே நீளம் அதிகம் என்று 12 நிமிடத்தை வெட்டி எறிந்தார்கள். எத்தனை இரவு, எத்தனை லைட்மேன் உழைப்பு அந்த 12 நிமிடம்! அது தேவையில்லை என்று கண்டுபிடிக்கக் காசு கொடுத்து நாம் உள்ளே வந்து உட்கார வேண்டியிருந்தது. 'கங்குவா'விலும் பிறகு வெட்டியது 12 நிமிடம்தான். வெட்ட வேண்டியது சம்பளம் என்று மட்டும் எந்த எடிட்டிங் அறையிலும் யாருக்கும் தோன்றவில்லை.

இது கோடம்பாக்கத்தின் தனிச் சரக்குமல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் டப்பிங்கில் விழுந்து விழுந்து பார்க்கும் கொரிய டிராமாக்களிலும் இதே கூத்துதான். முன்னணி நடிகரின் சம்பளம் ஒரு எபிசோடுக்கு 100 கோடி வொன்னைத் தொட்டுவிட்டது என்று அங்குள்ள தயாரிப்பாளர்கள் 2024 ஜனவரியில் கூடிப் புலம்பினார்கள். நம் பணத்தில் சுமார் ஆறு கோடி. முந்தைய தொடரை உள்ளூரில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது இரண்டாம் பட்சம். ஓடிடிக்கும் வெளிநாட்டுக்கும் விற்க அந்தப் பெயர் வேண்டும். அங்கேயும் பார்க்கிறவனைக் கேட்டு ஆள் எடுப்பதில்லை. வாங்குகிறவனைக் கேட்டு எடுக்கிறார்கள்.

மக்களுக்கு ஸ்டார்தானே வேண்டும் என்பார்கள். பச்சைப் பொய். 'லப்பர் பந்து'வுக்கு யார் பால் ஊற்றினார்கள்? 'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு எத்தனை அடி கட்-அவுட்? முகமே பரிச்சயமில்லாத மலையாளப் பையன்களில் ஒருவன் குழிக்குள் விழுந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தைத் தமிழ்நாடு கொண்டாடித் தீர்த்தது. நாம் நல்ல படத்துக்குப் போகிறோம். அவர்கள்தான் நம்மைக் காட்டிப் பெரிய பெயருக்கு விலை பேசுகிறார்கள்.

மல்டிபிளெக்ஸில் டிக்கெட் வரியோடு 180 ரூபாய்க்கு மேல். நாலு பேர் போனால் 720க்கு மேல். ஆன்லைன் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் தனி. எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியே அதில் கரைந்துவிடும். அதைக் கொட்டிவிட்டுப் படம் சரியில்லை என்று சொன்னால் வன்மம் பரப்புகிறோமாம்.

திறமையில்லாதவருக்கு வேலை கொடுப்பது அவர்கள் காசு, அவர்கள் விருப்பம் என்று விட்டுவிடலாமா? முடியாது. அந்தப் பெயருக்கு விலை போடுவது நம் வெள்ளிக்கிழமை. ஓப்பனிங் என்று அவர்கள் மேஜையில் விற்பது நம்மை. அந்தச் சரக்கை நிறுத்தும் அதிகாரம் நம் கையில் மட்டும்தான் இருக்கிறது.

மூன்று நாளைக்கு விமர்சனம் வேண்டாம் என்று கேட்டார்கள் அல்லவா? பெருந்தன்மையோடு ஒத்துக்கொள்வோம். அந்த மூன்று நாள் ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஒரு டிக்கெட்டும் வாங்க வேண்டாம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.