முன்புகலும் பின்புகலும்: புதுவை வீதிகளில் கார் நிறுத்தும் நெறி குறித்த ஓர் ஆய்வு

ஓர் ஊர்தி தான் நிற்கவேண்டிய இடத்துக்குள் மூக்கை முதலில் நுழைப்பது முன்புகல் எனவும், வாலை முதலில் நுழைப்பது பின்புகல் எனவும் இவ்வாய்வில் வழங்கப்பெறும். உலக வழக்கில் இவை முறையே 'நேரா விடுறது', 'ரிவர்ஸ் எடுத்துப் போடுறது' எனப்படும். ஆயினும், எல்லோருக்கும் விளங்கும் சொற்களால் எழுதப்பட்டது ஆய்வாகக் கொள்ளப்படாது என்பது கருத்தரங்கத் தொகுப்புகளைப் புரட்டியோர் அறிந்ததாகலின், புதுச்சொற்கள் இன்றியமையாதன ஆயின.

புதுச்சேரி ஆய்வுக்களமானதற்குக் காரணங்கள் இரண்டு. பெரிய வாய்க்காலின் இருமருங்கும் நூல் பிடித்தாற்போல் வகுக்கப்பட்ட இதன் வீதிகள், கார் என்னும் பொருள் தோன்றுமுன்பே அளந்து முடிக்கப்பட்டவையாதலின், இங்கே கார் நிறுத்துவோர் ஒவ்வொருவரும் 18ஆம் நூற்றாண்டோடு வழக்காடுகின்றனர் என்பது ஒன்று. நடைமுறையில் 1954 நவம்பர் 1 அன்றும், சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16 அன்றும் இந்தியாவோடு இணைந்த இவ்வூர், ஓரிடத்துக்குள் புகுவதற்கும் புகுந்தாயிற்று என ஒப்புக்கொள்ளப்படுவதற்கும் இடையே ஏறத்தாழ எட்டாண்டு ஆகலாம் என்பதைத் தன் வரலாற்றிலேயே கண்டது என்பது மற்றொன்று.

முன்னோர் நெறி

வரலாற்றில் முதற்கண் எதிர்ப்படுவது பல்லக்கு. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு, பல்லக்கில் அமர்ந்தவாறே மேளதாளத்துடன் ஆளுநர் மாளிகைக்குள் செல்லும் சிறப்புரிமை இருந்தது. பல்லக்கின் முன்னும் பின்னும் இருப்பவை கொம்பும் தோள்களுமே ஆதலின், வெளியேறும்போது தூக்குவோர் திரும்பி நின்று, அமர்ந்தவரும் திரும்பி உட்கார்ந்தால் போதும். முன், பின் என்னும் சிக்கல் எழாது. மேளதாளம் பின்னர் வேண்டப்படுமாதலின் வாசகர் அதனை நினைவில் நிறுத்துக.

அடுத்தது தேர். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர்கள் பிடித்திழுத்தனர். அம்மரபு துணைநிலை ஆளுநர்களால் தொடர்கிறது. தேர் சுற்றிவந்து நிற்பதை 'நிலைக்கு வந்தது' என்பர். நிறுத்துமிடத்துக்கென்றே 'நிலை' என ஒரு சொல்லை வைத்திருந்தோர் அதனைப் 'பார்க்கிங்' என அழைக்க நேர்ந்தமை தனி ஆய்வுக்குரியது. தேர் பின்னோக்கிப் புகுவதில்லை. சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இட்டே அதைத் திருப்புவர். ஆகவே தமிழரின் தொல்நெறி முன்புகலே என ஒரு சாரார் நிறுவக்கூடும். வடம் பிடிக்க ஊரே திரண்டது என்பதை அச்சாரார் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவர்.

மூன்றாவது, 'தள்ளு தள்ளு' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட பூஸ்-பூஸ். ஆள் பின்னிருந்து தள்ள, அமர்ந்தவர் முன்னிருந்த கைப்பிடியால் திசை திருப்பிய இவ்வண்டியில் ஓட்டுநரும் எஞ்சினும் வேறுவேறு மனிதராயிருந்தமையின், இடித்தால் குற்றம் யாருடையது என்னும் வினாவுக்கு இடமே இல்லை: அது தள்ளியவருடையது.

ஐரோப்பியக் கோட்பாடு 1817இல் தொடங்குகிறது. வளைவின் உட்பக்கச் சக்கரத்தை வெளிப்பக்கச் சக்கரத்தைவிட மிகுதியாகத் திருப்பும் அமைப்பை மூனிக் நகரின் குதிரை வண்டி செய்வோரான கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்க, 1818இல் ருடால்ப் ஆக்கர்மன் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த அமைப்பு இன்றும் 'ஆக்கர்மன்' பெயராலேயே வழங்குகிறது. செய்தவர் பெயர் மறைந்து பதிவு செய்தவர் பெயர் நின்றமை, மாணவர் எழுதி நெறியாளர் பெயர் முன்னிற்கும் கட்டுரைகளைக் கண்டோர்க்கு வியப்பளிக்காது. திரும்பும் சக்கரங்கள் முன்புறம் மட்டுமே இருத்தலின், முன்புகுங்கால் பின்சக்கரங்கள் உட்பக்கமாக வெட்டிச்சென்று பக்கத்து வண்டியை உரசப் பார்க்கும். பின்புகுங்கால் அவை முதலில் இடம்பிடித்துக்கொள்ள, முன்புறம் ஆடிவந்து சேரும். ரோமன் ரோலண்ட் வீதி போன்றவற்றில், இரு கார்களுக்கு நடுவே ஓரமாக நீளவாக்கில் நிறுத்துவோர்க்குப் பின்புகலன்றி வேறு வழியே இல்லை. இதில் ஐயம் இல்லாமையால் இது இத்துடன் நிற்க.

வகைப்பாடு

நிறுத்தப்படுவன மூவகை.

இருசக்கர வண்டி: பின்கியர் இல்லாமையால் ஓட்டுநரே இறங்கிப் பின்கியராவார்.

ஆட்டோ: ஆய்வுக்கு அடங்காது.

கார்: கீழே காண்க.

'வா' என்னும் சொல்லாராய்ச்சி

நேரு வீதியிலோ மிஷன் வீதியிலோ பின்புகும் காரின் பின்னால், எங்கிருந்தோ தோன்றும் ஒருவர், 'வா வா வா, ஒடி ஒடி, லெப்ட்ல ஒடி, நேராக்கு, வா, ஹோல்டான்' என மொழிந்து, டிக்கியை இருமுறை தட்டி முடிப்பது வழக்கம் (வாய்மொழிச் சான்று, நேரு வீதி, மாலை வேளை, மொழிந்தவர் வாயில் விசில் இருந்தமையால் மெய்யெழுத்துகள் ஐயத்துக்குரியன, பாடவேறுபாடு: 'ஓல்டான்').

தொல்காப்பியச் சொல்லதிகாரம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என வகுக்கிறது. பின்னால் நிற்பவர் 'வா' என்கையில் கார் தன்மையை நோக்கி வருகிறது. முன்புகும் காருக்கோ அவர் ஓரமாக நின்று 'போ, இன்னும் போ' என்பார். செலவு படர்க்கைக்குரியது ஆதலின், முன்புகுவோர் காரோடும் குடும்பத்தோடும் படர்க்கைக்குத் தள்ளப்படுகின்றனர். பின்புகல் உறவு, முன்புகல் துறவு.

'வா' விளிப்பது காரையா, ஓட்டுநரையா என்பதிலும் இரு கட்சி உண்டு. ஓட்டுநரை என்பாரை நோக்கி, அவர் முன்னோக்கி அமர்ந்து கழுத்தை மட்டும் திருப்பி வருதலின் வருவது முகமா முதுகா என வினவுவர் மறுதலையார். இதனினும் நுட்பமானது அடுக்கு. விரைவு குறித்து அடுக்கும் சொல் மூன்றுக்கு மேற்படாது என்பது அந்நூலின் வரம்பு. ஆகவே நான்காவது 'வா' வழுவாகும். கார் மின்கம்பத்தில் முட்டுவதும் பெரும்பாலும் நான்காவது 'வா'விலேயே என்பது இலக்கணத்தின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்று.

நச்சினார்க்கினியர் வழிநிற்போர், இறுதியிலுள்ள 'ஹோல்டான்' என்பதைப் பெயர்த்து முதல் 'வா'வுக்கு முன் வைத்துப் பொருள் கொள்வர். ஒரு சொல்லைத் தொலைவிலிருந்து எடுத்துவந்து வேறோரிடத்தில் நிறுத்துவதில் அவ்வுரையாசிரியர்க்கு நிகர் இலர். முல்லைப்பாட்டில் அவர் செய்ததை மறைமலையடிகள் மறுத்தெழுதியது ஒருவகை 'நோ பார்க்கிங்' அறிவிப்பே.

மேளதாளம் இங்கே வேண்டப்படுகிறது. ஒரு தலைமுறைக்கு முன், ரிவர்ஸ் கியர் விழுந்தவுடன் கார்கள் பாடின. அவற்றுள் புகழ்பெற்றது, பேத்தோவன் 1810இல் இயற்றி, அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்குப் பின் 1867இல் அச்சேறிய 'ஃபூர் எலிஸ்'. அந்த எலிஸ் யார் என மேலைநாட்டு அறிஞர் இன்றும் வாதிட, இங்குள்ளோர் அதனை ரிவர்ஸ் ஹாரன் பாட்டு என ஐயமின்றி அறிவர். இசையோடு புகும் உரிமை பிள்ளையிடமிருந்து அனைவருக்கும் பரவியது எனலாம். 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின்புற உணரி, அதாவது தடையை உணர்ந்து ஒலிக்கும் கருவி, கட்டாயமாயிற்று. பாட்டு வெளியே நிற்போர்க்கு ஒலித்தது. 'பீப்' உள்ளே இருப்போர்க்கு ஒலிக்கிறது.

சாசனமும் சட்டமும்

கல்வெட்டின் இறுதியில், இத்தர்மத்தை அழிப்போர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவர் என்றாற்போல் வரும் பகுதி ஓம்படைக்கிளவி எனப்படும். இம்மரபு வழக்கொழிந்தது என்பது பிழை: 'கேட் முன் வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்' (வாயிற்கதவுச் சாசனம், பச்சை வண்ணம், இடக்கதவு, வரி 1–2; கதவு திறந்திருந்தமையால் ஈற்றுச்சீர் சுவரை நோக்கியது; வலக்கதவுப் படியோடும், பால்காரர் கூற்றோடும் ஒப்பிட்டு மீட்கப்பட்டது). காராம்பசு மறுமைக்கு அஞ்சுவோர்க்கு, காற்று இம்மைக்கு.

1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள், பின்னோக்கிச் செல்லுமுன் பிறர்க்கு ஆபத்தோ இடையூறோ நேராது என உறுதிசெய்துகொள்ளவும், வேண்டிய அளவுக்கு மேல் பின்செல்லாதிருக்கவும் பணித்தன; பிறர் நுழைவாயிலை மறித்து நிறுத்துவதையும் விலக்கின. 2017இல் அவற்றின் இடத்துக்குப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. விசில், தட்டு, 'ஹோல்டான்' ஆகியன வழக்காற்றுச் சட்டத்தின்பாற் படும்.

முடிபு

பின்புகுவோர், வீதியில் வரும்போதே கண்ட வெற்றிடத்துக்குள் பின்செல்கின்றனர்; முன்புகுந்தோர், திரும்பிப் போகும்போது, சைக்கிளும் பள்ளிப்பிள்ளைகளும் வந்துகொண்டிருக்கும் வீதிக்குள், தாம் காணாமலே முதுகைக் காட்டி இறங்குகின்றனர். ஆகவே பின்புகலே சிறந்தது. டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றுவோர்க்கு மட்டும் முன்புகல் விலக்காக அமையும். இதைச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும் என்பது இவ்வாய்வின் இரண்டாம் கண்டுபிடிப்பு. எந்நெறியில் புகுந்தாலும், புகுந்த இடம் பிறர் வீட்டு வாசலாயின், காற்று பிடுங்கப்படும்.