ராத்திரி இன்ஸ்பெக்டர்

பகலில் அவர் தென்காசி மொபைல் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறவர். ராத்திரி பத்தரைக்கு மேல் லாஸ் சாண்டோஸ் காவல்துறை இன்ஸ்பெக்டர். ஜிடிஏ விளையாட்டில் வரும் கற்பனை நகரம் அது. தமிழ்ப் பையன்கள் கூடி ஆடும் ரோல்பிளே சர்வரில் ஒருத்தர் மெக்கானிக், ஒருத்தர் டாக்டர், மிச்சப்பேர் கொள்ளைக்காரர்கள். சட்டம் ஒழுங்கு மட்டும் நம்மாள் தலையில்.

"ஏல, விடிய விடிய யாரைல புடிக்க?"

"ஃப்ளீக்கா பேங்கை உடைச்சிட்டாம்மா."

"நம்ம நகை அதுலயா கெடக்கு?"

இந்த உத்தியோகத்துக்குச் சரித்திரமும் உண்டு. 2006-இல் ஜிடிஏவின் சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆட வழி பிறந்தபோது, எதிரே வந்தவனைச் சுடுவதே பலருக்குப் பொழுதுபோக்கு. அட்மின் ஆளைத் தூக்கி வெளியே போட்டால் கதை முடிந்தது. போலீஸ் துரத்தினால்தான் கதையே ஆரம்பம். இவர் சர்வர் ஓடும் ஃபைவ்எம் தளம் பின்னால் வந்தது. அதை உருவாக்கியவர்களின் கணக்கை 2015-இல் முடக்கிய, ஜிடிஏவைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் கம்பெனியே, 2023-இல் அந்தக் குழுவை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆகவே, தான் இப்போது முறையாக அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி என்பது இவர் வாதம்.

ஆனால் பாவம், ஜெயிப்பது இவர் வேலையில்லை. கொள்ளைக்காரனின் யூடியூப் லைவைப் பார்த்து அவன் ஒளிந்த இடத்தைப் பிடித்தால் அது 'மெட்டா கேமிங்', சஸ்பெண்ட் நிச்சயம். எடுத்ததும் சுடக் கூடாது. திருடன் ரசிக்கும்படி துரத்த வேண்டும். சமயத்தில் தப்பவும் விட வேண்டும்.

குற்றால சீசனில்தான் படாதபாடு. சாரலில் கரண்ட் போனால் துரத்திய ஜீப் நடுரோட்டில் மாயமாகும். பாதியில் மறைவது அங்கே குற்றம். பிளஸ் டூ படிக்கும் டிஐஜிக்கு மறுநாள் விளக்கம் தர வேண்டும்: "குற்றாலத்துல மழை, சார்."

மெயினருவியில் தண்ணீர் கூடும்போது நிஜப் போலீஸ் ஒரு விசில் ஊதினால் கூட்டமே ஈரத்தோடு ஒதுங்குவதை இவர் பொறாமையோடு பார்ப்பார். போன மாதம் குற்றாலம் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டியபோது, "நானும் டிபார்ட்மென்ட்தான்" என்று நாக்கு நுனிவரை வந்ததாம். நல்லவேளை, அபராதத்தோடு போயிற்று.

சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அருவியில் போனை நனைத்துக்கொண்டால் காலை பதினோரு மணிக்கு மேல் கடைக்குப் போங்கள். அதுவரை ஐயா நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறார்.