102 டிகிரி வீரருக்கு ஒரு வாழ்த்துரை

ஊரே மழைக்காலக் காய்ச்சலில் சுருண்டு கிடந்த நவம்பரிலும், வேளச்சேரியில் எங்கள் மாடி ஜிம்முக்குக் காலை 6 மணிக்குத் தவறாமல் வந்தவர் அண்ணன் ஒருவர்தான். இருமிய கையோடு வருகைக் கருவியில் விரல் வைப்பார். அடுத்து வருபவர்களும் அதே கருவியில்தான் விரல் வைக்க வேண்டும். தனக்கு வந்ததைத் தனக்கென்றே பதுக்கி வைக்காத இந்த மனம் எத்தனை பேருக்கு வரும்?

அண்ணனின் மருத்துவ அறிவு தனி ரகம். ஒருநாள் தெர்மாமீட்டர் 102 காட்டியது. ஒரு டோலோ 650 போட்டார். ஒரு மணி நேரத்தில் 99. "ஜுரம் போயிடுச்சு" என்று ஷூவை மாட்டிக்கொண்டார். மாத்திரை வேலை செய்வது வேறு, நோய் தீர்வது வேறு என்று பிரித்துப் பார்க்கும் அற்ப புத்தி அவரிடம் கிடையாது. மிச்சமிருப்பது வியர்வையோடு வெளியே போய்விடும் என்பது அவர் சித்தாந்தம். டிரெட்மில்லில் ஏறிய சிறிது நேரத்திலேயே கைக்கடிகாரம் 150 துடிப்பு காட்ட, "பாத்தியா தம்பி, வார்ம்அப்லயே கார்டியோ ஜோன்!" என்று என்னிடம் நீட்டினார். உடல்வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு கூடும் என்பது பழைய மருத்துவப் பாடம். காய்ச்சல் அவரை இன்னும் முழுதாக விட்டிருக்கவில்லை. காய்ச்சலின் உழைப்பையும் தன் உழைப்பாகக் கணக்கெழுதிக்கொள்ளும் சாமர்த்தியத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

அவருக்கு ஓய்வே தெரியாது என்று சொன்னால் அபாண்டம். அன்று காலைதான் வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் வந்து இறங்கியது. "ஏங்க, இதைக் கொஞ்சம் உள்ள வச்சிடுங்க" என்றார் அண்ணி. "உடம்பு முடியலம்மா, நீயே உருட்டிக்கோ" என்றார் அண்ணன். பிறகு ஜிம்முக்கு வந்து 80 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தார். எந்தப் பாரத்தை எங்கே தூக்க வேண்டும் என்ற இந்தத் தெளிவுதான் குடும்பஸ்தனுக்கு அழகு.

விஞ்ஞானமும் அண்ணன் பக்கம்தான். 1990களில் அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 50 பேர் மூக்கில் ஜலதோஷக் கிருமியை விட்டு, ஒரு பகுதியினரை மட்டும் மிதமாக உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்குச் சளி கூடவும் இல்லை, சீக்கிரம் விடவும் இல்லை. 'கூடவில்லை' என்பதை அண்ணன் எடுத்துக்கொண்டார். 'சீக்கிரம் விடவில்லை', 'மிதமாக', 'வெறும் ஜலதோஷம்' ஆகியவற்றை ஆய்வாளர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். பயிற்சியாளர்களிடம் ஒரு கழுத்துக் கணக்கும் உண்டு: மூக்கொழுகல், தும்மல் என்று கழுத்துக்கு மேலே நின்றால் லேசாக நடக்கலாம், நெஞ்சுச் சளி, உடம்புவலி, காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்க வேண்டும். கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பதாலோ என்னவோ, இந்தக் கணக்கை அண்ணன் போட்டுப் பார்த்ததில்லை.

ஸ்வீடன்காரர்களுக்கு இந்தத் துணிச்சல் போதாது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் ஓரியன்டீரிங் அங்கே பெரிய விளையாட்டு. 1979 முதல் 1992 வரை அந்த விளையாட்டில் 16 இளம் வீரர்கள் திடீரென்று இறந்தார்கள். எல்லாரும் நல்ல ஓட்டக்காரர்கள். பலருடைய உடற்கூறாய்வில் இதயத் தசையில் அழற்சி தெரிந்தது. சங்கம் மிரண்டுபோய் முன்னணி வீரர்களின் போட்டிகளையும் கடும் பயிற்சியையும் ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. வைரஸ் இதயத் தசைக்குள் புகுந்திருக்கும் நேரத்தில் அந்தத் தசையை விரட்டி வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதை, காக்ஸாக்கி வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்தவிட்டு 1970லேயே காட்டியிருந்தார்கள். நீந்திய எலிகளுக்குத்தான் பாதிப்பு மோசம். இதய அழற்சி வந்த வீரர்களைக் குணமாகும்வரை மைதானத்துப் பக்கமே விடாதது இன்றும் மருத்துவர்கள் வழக்கம். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் எலிக்குடா" என்றார். ஸ்வீடன்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தெரியாத ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசக் கூடாது என்ற நாகரிகம்.

அவருக்கு வந்தது டெங்குவாக இருந்திருந்தால்? அதற்கும் அண்ணன் தயார். எலும்பை முறித்துப்போட்டது போன்ற வலியா, "நேத்து லெக் டே" என்பார். காய்ச்சல் விட்டுவிட்டதா, ஆனந்தமாக மறுபடி ஏறுவார். டெங்குவில் மருத்துவர்கள் பயப்படுவதே காய்ச்சல் இறங்கும் நாட்களுக்குத்தான். மூன்றாம் நாள் தொடங்கி ஏழாம் நாளுக்குள் வெப்பம் தணியும் சமயத்தில்தான் சிலருக்கு ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும். பிளேட்லெட்டை எண்ணிப் பார்க்கச் சொன்ன மருத்துவரிடம் அண்ணன் தன் புஷ்அப் எண்ணிக்கையைச் சொன்னதாகக் கேள்வி.

ஜன்னல் திறக்காத ஏ.சி. அறை எங்களுடையது. லாட் புல்டவுன் கம்பியைத் துடைக்க ஆளுக்கொரு துண்டு உண்டு. அண்ணனுக்கு அது மூக்குத் துடைக்கவே சரியாக இருக்கும். ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் பையன் படுத்தான். முழங்கால் வலிக்காக சைக்கிள் மட்டும் ஓட்டிவிட்டுப் போகும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் படுத்தார். எனக்கும் தொண்டை கட்டியது. "ஏன் எல்லாரும் லீவு போடறீங்க? கன்சிஸ்டென்சி வேண்டாமா?" என்று வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் கேட்ட கேள்வி எங்கள் சோம்பேறித்தனத்துக்குச் சவுக்கடி.

கைக்கடிகாரத்தில் உடற்பயிற்சி வட்டம் ஒருநாள் நிரம்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. உடம்பு சொல்வதைக் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடிகாரம் சொல்வதைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா? ஜனவரி மாரத்தானுக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். இருமல் இன்னும் விடவில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்களாம், அதனால் ஓடியே தீருவாராம். அண்ணிதான் பாவம், ஓட்டம் முடிகிற இடத்தில் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.