மோனாட் அச்சம்: தோற்றமும் சிகிச்சையும்

மோனாட் அச்சம் என்பது ஹாஸ்கல் நிரல்மொழி கற்கப் புகுவோரைப் பற்றும் ஒரு நிலை. அதைப் பரப்புவது ஒரே ஒரு சொல். கேட்டகரி தியரி என்னும் கணிதப் பிரிவில் கிடந்த அச்சொல்லை, நிரல்களின் பொருளை ஆராய்வதற்காக 1989-ல் எவுஜேனியோ மோஜ்ஜி எடுத்தாண்டார். பிலிப் வாட்லர் அதை நிரலாளர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். எண்டோஃபங்க்டர்களின் கேட்டகரியில் அமைந்த ஒரு மோனாய்டு என்பது இதன் முறையான வரையறை. தெரியாத ஒரு சொல்லைத் தெரியாத மூன்று சொற்களால் விளக்கும் இதில் பிழை ஏதும் இல்லை, கொடுமையே அதுதான்.

பொருளோ எளியது. பயனரைத் தேடு, கிடைத்தால் அவர் முகவரியைத் தேடு, அதுவும் கிடைத்தால் பின்கோடைத் தேடு. நடுவில் ஏதேனும் இல்லையென்றால் மிச்சப் படிகளை விட்டுவிட்டு 'இல்லை' என்று சொல். படிதோறும் 'இருக்கிறதா' என்று கேட்கும் வேலையை ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டு, படிகளை மட்டும் கோத்துக்கொண்டே போக ஹாஸ்கலில் 'மேபி' மோனாட் உதவுகிறது. 2014-ல் வந்த ஜாவா 8-இன் 'ஆப்ஷனல்' இதையே ஃபிளாட்மேப் மூலம் செய்கிறது. அதை அன்றாடம் எழுதுவோரே மோனாட் தமக்குப் புரியாது என்று சொல்வதும் உண்டு.

குணமாகும் விதம் தனி ஆய்வுக்குரியது. நோயாளி வாரக்கணக்கில் நிரல் எழுதிப் பார்க்கிறார். ஒருநாள் சட்டென்று விளங்கிவிடுகிறது. கடைசியாக மனத்தில் தோன்றிய உவமைதான் காரணம் என்று நம்பி, அதை ஊருக்குச் சொல்லக் கிளம்புகிறார். 2009-ல் பிரெண்ட் யோர்கி இந்த மயக்கத்தைக் கண்டறிந்து, மோனாட் என்பது பரிட்டோ என்று உபதேசிக்கும் ஒருவரைக் கற்பனையாகக் காட்டினார். பாடுபட்டது பயிற்சி, பெயரைத் தட்டிக்கொண்டது உவமை. (பரிட்டோவைக் கண்டிராத மாணவருக்குப் பாடம் இரண்டாகிறது.)

பெயரை மாற்றுவதே சிகிச்சை என்பாரும் உளர். ஹாஸ்கலை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ், மிரட்டாத, கதகதப்பான பெயர் ஒன்றை வைத்திருக்கலாம் என்று 2003-ல் வேடிக்கையாக வருந்தினார். சி ஷார்ப்பில் அது 'செலக்ட்மெனி'யாக உலவுகிறது. எஃப் ஷார்ப்பில் 'கம்ப்யூட்டேஷன் எக்ஸ்பிரஷன்' என்ற பெயருக்குள் பதுங்கியிருக்கிறது. பக்கவிளைவு கடுமையானது: ஒரு மொழியில் கற்றது அடுத்த மொழியிலும் செல்லும் என்பதே மாணவருக்குத் தெரியாமல் போகிறது. அத்தனைக்கும் பொதுவான மூன்று விதிகளைத் தேடிப் பிடிக்க, நோய் தந்த சொல்லே மருந்தாகவும் தேவைப்படுகிறது. அதைக் கொடுக்க வேண்டியது உணவுக்குப் பின், அதாவது நாலைந்து எடுத்துக்காட்டுகளை மாணவர் தம் கையால் எழுதிய பிறகு. பாடநூல்கள் பலவும் வெறும் வயிற்றில் கொடுக்கின்றன.