கேளுங்க, சொல்றேன்: மைக்குக்கு முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு சிரிப்பு

ராசிங்காபுரத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்தால் கதையைவிடப் பாட்டுதான் அதிகம். பேசும் படம் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

பாடும் படம் என்று வைத்திருந்தால் டிக்கெட் இன்னும் கூடுதலாக விற்றிருக்கும். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். ரசிகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்கள் வந்தது பாட்டுக்கு. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ராட்டையைப் பற்றியும் காந்தியைப் பற்றியும் ராஜலட்சுமி பாடினார். காளிதாசனுக்கும் கதருக்கும் என்ன உறவு என்று எவரும் கேட்கவில்லை. அதே படத்தில் கோயில் பூசாரியாக வந்து சிரிக்கவைத்த இளைஞர்தான் பிற்காலத்தில் ஸ்டுடியோ முதலாளியான எல்.வி. பிரசாத்.

போடியிலிருந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் வாசகி: அந்தக் காலப் பாடகர்கள் நிஜமாகவே நடித்தார்களா, இல்லை நின்றார்களா?

பெரும்பாலும் நின்றார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. அப்போது பாட்டும் படமும் ஒரே நேரத்தில் பதிவாகும். மைக் ஓரிடத்தில் தொங்கும். ஆர்மோனியக்காரரும் பிடில்காரரும் கேமரா கண்ணில் படாமல் ஒளிந்து உட்கார்ந்திருப்பார்கள். கதாநாயகன் உணர்ச்சிவசப்பட்டு நாலடி நடந்தால் பாட்டு போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லாரும் மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பாடிப் பழகியவர்கள். அந்தக் குரலை ஒரு முழம் தள்ளி நிற்கிற மைக்கிடம் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அதட்டல் ஆகும். கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் அது ஊரையே விலை பேசுகிற பணம். அவருடன் வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். கல்கி எழுதிய விமர்சனத்தில் நடிப்புக்கான பாராட்டு பனைமரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் போனது. மரமும் மாடும் மைக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை, அதனால் இயல்பாக இருந்தன என்பது என் கணிப்பு.

தேவாரத்திலிருந்து கல்லூரி மாணவர்: வெள்ளைக்காரர்கள் நம்மைப் போல் படத்துக்குள் பாட்டைத் திணிக்க மாட்டார்கள்தானே?

யார் சொன்னது? பேசும் படம் வந்த புதிதில் லண்டன்காரர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள், சிக்கனமாக. நகைச்சுவைப் படம் எடுப்பார்கள். நடுவில் ஓர் இரவு விடுதி வரும். அங்கே ஒரு பேண்டு வாசிக்கும். பாடகர் வருவார், ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். 1932-ல் வந்த 'எ நைட் லைக் திஸ்' படத்தில் ராய் ஃபாக்ஸ் பேண்டோடு ஆல் போவ்லி அப்படித்தான் பாடினார். அதே ஆண்டில் 'தி மேயர்ஸ் நெஸ்ட்' என்ற இன்னொரு சிரிப்புப் படத்திலும் தலைகாட்டினார். அப்போது இசைத்தட்டு விற்பனையில் அவர் பெரிய புள்ளி. படத்திலோ விருந்தாளி.

இந்த மனிதரின் கதையே ஒரு படம். மொசாம்பிக்கில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க்கில் முடிவெட்டி, பேண்டோடு ஊர் ஊராகச் சுற்றி, 1920-களின் நடுவில் நம் கல்கத்தாவிலும் பாடியவர். அவர் கப்பலேறிப் போன சில ஆண்டுகளில் நம்மவர்கள் அதே கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட்டின் 'வள்ளித் திருமணம்' 1933-ல் அங்கே இருந்த பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம். போவ்லி 1941 ஏப்ரல் 17 அன்று லண்டனில் ஜெர்மானியர் போட்ட குண்டில் இறந்தார்.

அவருக்குத் தெரிந்திருந்த ஒரே ரகசியம், மைக்கிடம் கத்தக் கூடாது என்பது. காதோடு பேசுகிற மாதிரி பாடினார்.

குரங்கணியிலிருந்து ஒரு ஜீப் டிரைவர்: அந்த ரகசியம் நம் ஊரில் யாருக்கும் தெரியாதா?

தெரிந்தது. கதாநாயகர்களுக்கு அல்ல, சிரிப்பு நடிகர்களுக்கு. அதிலும் நாகர்கோவில்காரர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு.

அவர் கச்சேரி வித்வான் இல்லை. வில்லுப்பாட்டு தெரியும், நாடகக் கம்பெனி தெரியும், கொட்டகைக்குள் வந்து உட்காருகிற ஆளைத் தெரியும். 'சதிலீலாவதி' படத்தில் 1936-ல் அவர் வந்தபோது உடன் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர். இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. கதாநாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக ஓடுகிறான். மலைத்தோட்ட வேலை எப்படியென்று உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்போது சிரிப்புப் பகுதி என்பது பெரிய படத்தோடு ஒட்டிய தனிக் குடித்தனம். கதை ஒரு பக்கம் போகும், சிரிப்பு இன்னொரு பக்கம் போகும். இயக்குநரும் அதில் அதிகம் தலையிட மாட்டார். கிருஷ்ணன் இந்தச் சுதந்திரத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார். வசனமும் பாட்டும் தானே பார்த்துக்கொண்டார். 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போனபோது திருவரங்கத்து டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். அப்புறம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள், படத்திலும் வீட்டிலும்.

அவர்கள் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ராகம் இருக்கும், ஆனால் ராகத்தைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரு வரி பாட்டு, அடுத்த வரி பேச்சு, அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. புருஷன் பெண்டாட்டி சண்டை போடுகிற குரலிலேயே பாடுவார்கள். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போகாது. அதே படத்தில் கதாநாயகன் ஆலாபனை செய்துகொண்டு நிற்கும்போது பெஞ்சு டிக்கெட்காரர் சோடா வாங்க எழுந்து போவார். கிருஷ்ணன் வந்துவிட்டார் என்றால் சோடாவோடு ஓடி வருவார்.

போவ்லிக்கும் கிருஷ்ணனுக்கும் ஒரு வித்தியாசம். லண்டன் சிரிப்புப் படத்தில் பாடகர் விருந்தாளி. நம் பாட்டுப் படத்தில் சிரிப்பு நடிகர் விருந்தாளி. இரண்டு ஊரிலும் வந்த விருந்தாளியைத்தான் ஜனம் நினைவில் வைத்திருக்கிறது.

டொம்புச்சேரி வாசகி: நந்தனாரைக் கிண்டல் செய்து கிருஷ்ணன் பாடினாராமே, பாவம் இல்லையா?

நந்தனாரைக் கிண்டல் செய்யவில்லை. நந்தனாரைக் காக்கவைத்த ஊரைத்தான் செய்தார். 1949-ல் வந்த 'நல்லதம்பி'யில் கிந்தனார் காலட்சேபம். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், கிந்தன் படிக்கச் சென்னைக்கு ரயிலேறுகிறான். கதை வசனம் அண்ணாதுரை. இடையில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய், பிரிவி கவுன்சில் வரை போராடி 1947-ல் வெளியே வந்த மனிதர் இதைச் செய்தார். பாவ புண்ணியக் கணக்கு அவர் பக்கம்தான் கூடுதல்.

சில்லமரத்துப்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: அந்தக் காலப் படப்பிடிப்பில் மிகப் பெரிய வில்லன் யார்?

காக்கை. 1934-ல் தியாகராஜ பாகவதர் 'பவளக்கொடி'யில் நடித்தபோது அடையாற்றில் வெயில் வெளிச்சத்தில் படம் பிடித்தார்கள். யூனிட்டின் சாப்பாட்டு வாசனைக்குக் காக்கைகள் கூடிக் கச்சேரி நடத்தின. துப்பாக்கியோடு ஓர் ஆளையே போட்டு விரட்டினார்கள்.

மீனாட்சிபுரம் வாசகி: பின்னணிப் பாட்டு வந்தது நல்லதா, கெட்டதா?

1938-ல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடியது தொடக்கம். நடிகர்களுக்கு நல்லது, ஓடலாம் ஆடலாம். பாடகர்களுக்கும் நல்லது, முகத்துக்கு மாவு பூச வேண்டாம். பாடத் தெரிந்த சிரிப்பு நடிகர்களுக்குத்தான் நஷ்டம். தங்கள் குரலில் தாங்களே பாடிச் சிரிக்கவைத்தவர்கள் அப்புறம் அரிதாகிப் போனார்கள். கடைசியில் ஒரு தூத்துக்குடிக்காரர், கொழும்பில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபு, மேல்நாட்டு ஆட்டத்தையும் தொண்டையை உடைத்துப் பாடும் யோடலையும் கொண்டுவந்து அந்தக் கடையை மறுபடி திறந்தார்.

போடி வாசகர்: உங்களுக்குப் பாட வருமா?

வரும். வீட்டில்தான் யாரும் வருவதில்லை.

ராசிங்காபுரம் இளைஞர்: இதையெல்லாம் எங்கே பார்ப்பது? எதிலிருந்து ஆரம்பிப்பது?

1941-ல் வந்த 'சபாபதி'யிலிருந்து ஆரம்பியுங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் போட்டி போடுவார்கள், ரத்தினம் ஜெயிப்பார்.

அதைவிட அசலானது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மதுரை, தேனிச் சீமையில் கோயில் திருவிழாவுக்கு இன்னும் வள்ளித் திருமணம் நாடகம் வைக்கிற ஊர்கள் உண்டு. பலர் முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிற நேரம் பார்த்து நடுராத்திரியில் வருகிறார்கள். அப்படி வராதீர்கள். முதலில் பபூன் வரும்போதே மணலில் உட்காருங்கள். பபூனும் டான்ஸ் காமிக்கும் பாடிப் பேசிச் சண்டை போடுகிற அந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் நம் சினிமாச் சிரிப்பு கிளம்பியது. விழாக் கமிட்டியில் இருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ராஜபார்ட்டுக்குக் கொடுக்கிற சம்பளத்தையே பபூனுக்கும் கொடுங்கள்.