உட்கார்ந்த இடத்து வஸ்தாது

உடற்பயிற்சியில் சந்தேகம் வந்தால் ஜிம்முக்கு ஓட வேண்டாம். உங்கள் அடுக்ககத்திலேயே ஒரு வஸ்தாது இருப்பார். முதல் மாடி, ஹால், மின்விசிறிக்கு நேர் கீழே, சக்கரம் வைத்த நாற்காலி. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொன்னபோது வாங்கியது. வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்று பிறகு கம்பெனி கூப்பிட்டது. மற்ற நான்கு நாளும் நாற்காலி அவரை விடவில்லை.

அந்த நாற்காலியின் ஆட்சிப் பரப்பைப் பார்க்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் பிளாஸ்டிக் உறை கழற்றாத ரிமோட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து கிளம்பும் இரண்டு சார்ஜர், தண்ணீர் பாட்டில், முறுக்கு டப்பா, நகவெட்டி, முதுகு சொறியும் குச்சி. எட்டாத தூரத்தில் இருப்பவர் மனைவி மட்டும்தான். அதற்குச் செல்போன் இருக்கிறது. ஹாலிலிருந்து அடுப்படிக்கு அழைப்பார். அந்த அம்மாளின் போன் படுக்கையறையில் கிடக்கும். அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்தால், "டீ ஆச்சாம்மா?" என்று ஒரு கேள்வி. ஃப்ரிட்ஜுக்குப் போகக் காலால் தரையில் ஒரு உந்து, ஜன்னலுக்கு இரண்டு. பால்கனிக்குப் போகிற வழியில் நிலைப்படி வைத்த கொத்தனார்மீது மட்டும் அவருக்குத் தீராத வருத்தம்.

இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாதது ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கலே. பூங்காவுக்கு ஸ்கூட்டரில் போய், வாசலை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சில் அமர்ந்து, நடக்கிறவர்களை நிறுத்தி வைத்து வகுப்பெடுப்பார்.

"1953-லேயே லான்செட் மருத்துவப் பத்திரிகையில வந்தாச்சு சார். லண்டன்ல மாடி பஸ். டிரைவர் நாள் பூரா உட்கார்ந்தே கிடப்பான். கண்டக்டர் டிக்கெட் போட மேலேயும் கீழேயும் படியேறி இறங்குவான். ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் கணக்கெடுத்தாரு. மாரடைப்பு யாருக்கு அதிகம்? டிரைவருக்குத்தான்! குண்டா இருக்கறவன்தான் டிரைவர் வேலைக்கே வர்றானோன்னு ஒரு சந்தேகம். அப்புறம் யூனிஃபார்ம் பேன்ட் அளவையெல்லாம் எடுத்துப் பார்த்தாங்க. டிரைவர் இடுப்புதான் பெரிசு. ஆனா அதே அளவு இடுப்பு உள்ள கண்டக்டருக்கு ஆபத்து கம்மி!"

இந்த இடத்தில் தம் தொந்தியை இரண்டு முறை ஆதரவாகத் தட்டிக்கொள்வார். கதையில் அவர் பிடித்துக்கொண்டது இடுப்பை, கண்டக்டரை விட்டுவிட்டார். மோரிஸ் 99 வயது வரை இருந்தார் என்பதும் அவருக்குத் தெரியும். "பாருங்க, ஆராய்ச்சி பண்ணினதுக்கே அந்த ஆயுசு" என்பார்.

எந்தத் தகவலும் அவரிடம் போனால் இப்படித்தான் சாய்ந்து உட்கார்ந்துவிடும். தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறார்களே என்றால், "அது டாக்டர் சொன்னதில்ல. 1965-ல ஜப்பான்காரன் அடி எண்ணுற கருவிக்கு வச்ச பேரு" என்பார். உண்மைதான். அதைவிடக் குறைவாக நடந்தாலும் நல்ல பலன் உண்டு என்பதும் உண்மை. ஆனால் இவர் அந்தக் குறைவைச் சுழி வரை கொண்டுபோய்விட்டார். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபோது, ஒரு மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. சிறு சிறு அசைவும் சேரும். "அப்போ ரிமோட்டை எட்டி எடுத்தது?" என்று கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். 2024-இல், இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்று ஆய்வு வந்தது. நாடு எங்கே போகிறது என்று அன்று முழுக்க வருந்தினார். தம்மை மற்றப் பாதியில் சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு தமிழக அரசு எட்டு கிலோமீட்டர் நடைத் திட்டம் தொடங்கியபோது மனதாரப் பாராட்டி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று மட்டும் விசாரித்தார்.

பிறந்த நாளுக்கு மகள் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். மணிக்கொரு தரம் அது மணிக்கட்டில் நடுங்கி, எழுந்திரு என்றது. உட்கார்ந்தபடியே கையை வீசினால் எழுந்ததாக நம்பிவிடும் என்று இரண்டாம் நாளே கண்டுகொண்டார். மூன்றாம் நாள் கடிகாரம் மனைவி கைக்கு மாறியது. தண்ணீர் பிடித்து, துணி காயப்போட்டு, மாடிக்கும் கடைக்கும் அலைந்து அந்த அம்மாள் சேர்த்த அடிகள், இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப வாட்ஸாப் குழுவில் கணவர் பெயரில் வெளியாகும். பட்டுக்கோட்டை மைத்துனர் தினமும் கைதட்டல் பொம்மை போடுவார்.

ஒருநாள் சாக்ஸைக் கழற்றினார். கெண்டைக்காலில் ரப்பர் பட்டை அழுந்திய தடம் விரல் நுழையும் ஆழத்துக்கு இருந்தது. "இந்தச் சதை இருக்கே, இது ரெண்டாவது இதயம். நடக்கும்போது அமுங்கி அமுங்கி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்துல உட்கார்ந்தா ரத்தம் காலிலேயே தேங்கும். சதை வேலை செய்யலேன்னா ரத்தத்துல இருக்கிற சர்க்கரையையும் சரியா இழுக்காது. சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடந்தாலே சர்க்கரை அவ்வளவா ஏறாது." இத்தனையும் காலை ஸ்டூலில் நீட்டியபடி, கேசரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம். போய்வர ஆள் வேண்டும்.

புத்தி சொல்வதை அந்த அம்மாள் என்றைக்கோ விட்டுவிட்டார். புத்திதான் அவரிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே. சாமானை இடம் மாற்றத் தொடங்கினார். முதலில் தண்ணீர் பாட்டில் போய், அடுப்படியில் மண்பானை வந்தது. தாகம் எடுத்தால் எழுந்துதான் ஆக வேண்டும். சார்ஜர் பூஜையறைக்குப் போனது. போன் வந்தால் பேசி முடிக்கும் வரை நின்றாக வேண்டும். அங்கே நாற்காலி இல்லை. முறுக்கு டப்பா பரணுக்கு ஏறியது. கடைசியாக, நாற்காலியின் சக்கரம் ஒன்று எப்படியோ கழன்று காணாமல் போனது. ஒரு மாதத்தில் அவர் எழுந்து நடமாடியது, முந்தைய ஒரு வருடத்தில் நடமாடியதைவிட நிச்சயம் அதிகம். எந்த நிபுணர் சொன்ன திட்டத்துக்கும் இது குறைந்ததில்லை என்பது என் கட்சி.

அவர் சும்மா இருப்பாரா? ஐந்து மீட்டர் சார்ஜர் ஒயரும் புதுச் சக்கரமும் ஆன்லைனில் ஆர்டர் போட்டார். டெலிவரிப் பையன் வந்த அன்று லிஃப்ட் ரிப்பேர்.

"சார், இன்னும் ஆறு டெலிவரி இருக்கு. கொஞ்சம் கீழே வந்து வாங்கிக்கிறீங்களா?"

"ஒரே மாடிதானேப்பா, ஏறி வா. படியேறினா உடம்புக்கு நல்லது. லண்டன்ல பஸ் கண்டக்டர் எல்லாம்..."

"ஓடிபி சொல்லுங்க சார்."

பேச்சுவார்த்தை பதினைந்து நிமிடம் நடந்தது. முடிவில், கீரைக்காரிக்கு இறக்கும் கூடை பால்கனியிலிருந்து கயிற்றில் இறங்கியது. இழுத்து மேலேற்றியவர் மனைவி. அன்றிரவு ஒன்பது மணிக்கு, தோள்பட்டைக்கும் பயிற்சி முக்கியம் என்று குடும்பக் குழுவில் செய்தி வந்தது.